ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிகளில் நவீன சரித்திரக் கல்வி

ஜப்பானியப் பள்ளிகளில் தேசத்தின் நவீன சரித்திரத்தைப் போதிக்கும் முறை, 1945-இல் அந்நாடு யுத்தத்தில் தோல்வியுற்றபின் அடியோடு மாறுதலடைந்தது. ராணுவப் பெருமை பேசிய பகுதிகளை, அவற்றைப் பக்தியோடு வாசித்துவந்த மாணவர்களே தூரிகையும் கறுப்பு மையும் கொண்டு தத்தம் புத்தகங்களில் வரிவரியாக அழித்தனர். அவ்வாண்டு டிசம்பர் 31-இல் நேசநாட்டுப் படைத் தலைமையகம் சரித்திர போதனையையே நிறுத்திவைத்தது. மறு ஆண்டு அக்டோபரில் அது மீண்டும் தொடங்கிற்று.

பதிப்பாளர்கள் தயாரிக்கும் பாடநூல்களைக் கல்வி அமைச்சகம் பரிசீலித்து அங்கீகரிக்கும் ஏற்பாடு 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. தாம் எழுதிய உயர்நிலைப் பள்ளி நூல் 1963-இல் நிராகரிக்கப்பட்டு, பின் ஏராளமான திருத்தங்களை நிபந்தனையாகக் கொண்டு ஏற்கப்படவே, சரித்திராசிரியர் இயெனாகா சபுரோ 1965-இல் அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடர்ந்தார். மூன்று வழக்குகளாக 32 ஆண்டுகள் நீடித்த அவ்விவகாரத்தின் இறுதியில், அங்கீகார முறை அரசியல் சாசனத்துக்கு முரணன்று எனக் கொண்ட உச்ச நீதிமன்றமே, சீனாவில் உயிருள்ள மனிதர்மீது பரிசோதனை நடத்திய 731-ஆம் படைப்பிரிவு பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று 1997-இல் தீர்ப்பளித்தது. மாணவர் உண்மையை அறியவேண்டுமென்று ஓர் ஆசிரியர் தம் ஆயுளில் 32 ஆண்டுகளை நியாயஸ்தலத்தில் கழித்தது, கல்வி உலகம் என்றும் போற்றத்தக்க அருஞ்செயலாகும்.

1994 முதல் உலக சரித்திரம் கட்டாயமாகவும் ஜப்பானிய சரித்திரம் விருப்பப் பாடமாகவும் இருந்தமையால், சுதேச நவீன காலத்தை விரிவாகப் பயிலாமலே உயர்நிலைப் படிப்பை முடிக்க இடமிருந்தது, இது பெருங்குறையே. 2022 ஏப்ரல் முதல், இரண்டின் நவீன காலத்தையும் இணைத்துப் பயிலும் பாடம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.