தேயிலை உடன்படிக்கைகளும் தோட்டச் சேவைகளும்: மடுல்கெல்லவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சர்வதேச வர்த்தக உடன்படிக்கைகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தலைநகரங்களிலிருந்தே எழுதப்படுகின்றன. கையொப்பமிட்டோர், தீர்வை வீதங்கள், ஏற்றுமதி இலக்கங்கள் ஆகியனவே அவற்றின் பொருள். கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதையிலுள்ள மடுல்கெல்ல போன்றதொரு தோட்டப் பிரதேசத்தில் நின்று நோக்குமிடத்து, இவ்வுடன்படிக்கைகளின் பிறிதொரு முகம் புலனாகும். இங்கு ஒரு தொழிலாளியின் வீடு, குடிநீர், மருந்து, பிள்ளையின் பாடசாலை ஆகியன யாவும் ஏதோவொரு காலத்தில் கடல்கடந்த சந்தையொன்றில் நிருணயிக்கப்பட்ட விலையோடு பிணைக்கப்பட்டிருந்தன. அப்பிணைப்பின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்றைய வர்த்தக உடன்படிக்கைகளில் அடிக்கடி இடம்பெறும் 'சேவை' என்னும் சொல் ஈண்டு மனங்கொளத்தக்கது. தமிழில் இச்சொல் முதலில் தொழுதலையும் பணிந்து ஏவல் செய்தலையும் குறித்தது. பின்னர் அரசாங்க உத்தியோகத்தைக் குறித்தது. நலன்புரி அரசின் காலத்தில் மக்களுக்குரிய உரிமையொன்றின் பெயராயிற்று. இன்று அது விற்கவும் வாங்கவும் படும் பண்டம். ஆனால் தோட்டத்திலோ சேவை உரிமையாகவும் இருந்ததில்லை, பண்டமாகவும் இருந்ததில்லை. அது உற்பத்திச் செலவின் ஒரு கூறாகவே இருந்து வந்துள்ளது. இந்த அடிப்படையை மறந்து தோட்டங்களின் 'சீர்திருத்தம்' பற்றிப் பேசுதல் பயனற்றது.

1

மடுல்கெல்லவை உள்ளடக்கிய நக்கிள்ஸ், கெலெபொக்கை வட்டாரங்கள் தேயிலைக்கு முன்னர் கோப்பி நிலங்களாக விளங்கியவை. கண்டி மலைகளில் கோப்பி பரவியதற்கு மண்ணும் மழையும் மட்டும் காரணமல்ல. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதைத் தொடர்ந்து அங்கு உற்பத்தி தளர்ந்தது. 1835இல் மேற்கிந்தியக் கோப்பிக்கு வழங்கப்பட்டிருந்த தீர்வைச் சலுகை பிரித்தானியச் சந்தையில் இலங்கைக் கோப்பிக்கும் சமமாக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், கண்டி விவசாயிகள் ஆவணத்தால் உரிமை காட்டவியலாத நிலங்களை அரசுடைமை எனக் கொள்ள வழிசெய்தது. இலண்டனில் தீர்வை ஏடு மாறியபோது கண்டியில் காடு சாய்ந்தது. சிங்களக் கிராமத்தவன் நிலத்தை இழந்ததும், தென்னிந்தியத் தமிழன் தன் ஊரை விட்டுப் பெயர்ந்ததும் ஒரே வரலாற்று நிகழ்வின் இரு பக்கங்களேயாம்.

இவ்வாறு உருவான தோட்டம் ஒரு தொழில் நிலையம் மட்டுமன்று. தன்னளவில் ஓர் ஆட்சிப் பரப்புமாகும். துரைமார் லயம் கட்டினர். கூலியின் ஒரு பகுதியாக அரிசி அளந்தனர். கங்காணி கடன் கொடுத்துக் கட்டிவைத்தான். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்து நோயாளரைத் தோட்டத்துப் பொறுப்பாக்கியது. 1907ஆம், 1920ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தோட்டப் பாடசாலை பற்றிய கடமையையும் தோட்டத்தின்மீதே சுமத்தின. இச்சட்டங்களை மனிதாபிமானத்தின் விளைவென்று மட்டும் கொள்வது பொருந்தாது. தொழிலாளி இறந்தால் அவன் கடனும் உழைப்பும் ஒருங்கே இழக்கப்படும் என்ற கணக்கும் அவற்றுள் இருந்தது. அரசு தன் கடமையைக் கம்பனியிடம் ஒப்படைத்தது. கம்பனி அதனைச் செலவேட்டில் பதிந்துகொண்டது.

2

கோப்பியை இலைநோய் அழித்தபின் அதே மலைகளில் தேயிலை வேரூன்றியது. தேயிலையின் முதற்பெரும் சர்வதேச உடன்படிக்கை 1933இல் நடைமுறைக்கு வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் விலை வீழ்ந்தபோது இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்றின் உற்பத்தியாளரும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த இணங்கினர். முதலாம் ஆண்டில் நியம அளவின் 85 வீதமே ஏற்றுமதிக்கு அனுமதிக்கப்பட்டது. விலை மீண்டது; கம்பனிகளின் பங்குலாபம் காப்பாற்றப்பட்டது.

ஆனால் அதே நெருக்கடியின்போது தொழிலாளியின் நிலை யாது? 1927ஆம் ஆண்டின் சட்டத்தால் கிடைத்த குறைந்தபட்சக் கூலி 1930களின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. பலர் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டனர். தேயிலை இறாத்தலுக்குக் கீழெல்லை காண மூன்று நாடுகளின் முதலாளிகளால் ஒன்றுகூட முடிந்தது. அத்தேயிலையைக் கொய்த கைகளுக்கு அத்தகைய கீழெல்லை எவ்வுடன்படிக்கையிலும் எழுதப்படவில்லை.

சுதந்திரத்தின் பின்னரும் இந்த இயல்பு மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்மானிக்க விட்டுவைத்தது. 1974இல் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. இது வர்த்தக உடன்படிக்கை அன்று. எனினும் அதன் மொழி வர்த்தக உடன்படிக்கையின் மொழியே. பங்கீடு, எச்சம், தவணை என்னும் சொற்களாலேயே மனிதர் கணக்கிடப்பட்டனர். எண்ணப்பட்டோரிடம் எவரும் வினவவில்லை.

3

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டின் திருத்தமும் இடதுசாரிகளால் வரவேற்கப்பட்டவை. பெருந்தோட்டத்துறை அமைச்சு 1970 முதல் 1975 வரை லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வாவின் பொறுப்பில் இருந்தது. அக்கட்சி 1975 செப்டெம்பரில் அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. அடுத்த மாதமே கம்பனித் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. முற்போக்காளராகிய நாம் இக்கட்டத்தைத் தற்பாதுகாப்பின்றி நோக்குதல் வேண்டும்.

அன்று நிலம் தேசியமயமாயிற்று, வர்த்தகம் தேசியமயமாகவில்லை. கலவை, பொதியிடல், சில்லறை விற்பனை ஆகிய, இலாபம் மிகும் கட்டங்கள் பன்னாட்டு நிறுவனங்களிடமே இருந்தன. உடைமை கைமாறியதே தவிர உற்பத்தி உறவுகள் மாறவில்லை. பெரட்டுக் களமும் லயமும் துரையின் பங்களாவும் இருந்தபடியே இருந்தன. 1973–74ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியில் தோட்டங்களில் பட்டினி நிலவியது. கண்டி, கம்பளை, மாத்தளைப் பகுதிகளின் நடுத்தர உயரத் தோட்டங்கள் சில துண்டாடப்பட்டபோது தமிழ்த் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். நிலமிழந்த சிங்கள விவசாயியின் நியாயமான வேட்கை, நிலமே இல்லாத தமிழ்த் தொழிலாளிக்கு எதிராகத் திருப்பப்பட்டது. வர்க்க ஒற்றுமையின் களமாகியிருக்க வேண்டியது இனமுரணின் களமாயிற்று. தோட்டத்தில் வாழ்வோரின் இருப்பிடம், கல்வி, மருத்துவம் ஆகியன உரிமை என்ற அடிப்படையில் உறுதிசெய்யப்படாமல் மேற்கொள்ளப்பட்ட தேசியமயத்தின் குறைபாடு இதுவாகும். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதும் 1977ஐ அண்டியே தொடங்கிற்று. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கிடைத்து ஒரு தலைமுறை அப்போது கழிந்திருந்தது.

4

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1992இல் அரச தோட்டங்களின் நிருவாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது; 1995 முதல் பங்குகள் விற்கப்பட்டன. இதே காலத்தில், 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து, அதன் வழிவந்த நாடுகள் அரசுடைமையிலிருந்து சந்தைக்கு மாறின. இவ்விரு மாற்றங்களும் இரு வகையில் தொடர்புடையன.

முதலாவது, சந்தைத் தொடர்பு. இரஷியாவும் அதன் அயல்நாடுகளும் இலங்கைத் தேயிலையின் முதன்மைக் கொள்வனவாளராயின. அச்சந்தையும் மத்திய கிழக்குச் சந்தையும் தென்பகுதிச் சிற்றுடைமையாளரின் தாழ்நிலத் தேயிலையைப் பெரிதும் விரும்பின. இன்று நாட்டின் உற்பத்தியில் அரைவாசிக்கு மேல் தாழ்நிலத் தேயிலையே. 2,000 அடிக்கும் 4,000 அடிக்கும் இடைப்பட்ட கண்டி மலைகளின் தேயிலையோ இருபுறமும் நெருக்குண்டது. கண்டி, மாத்தளை மாவட்டங்களின் தோட்டங்கள் பல இன்றும் அரச நிறுவனங்களின் கீழ் நலிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இச்சந்தை எத்துணை நிலையற்றது என்பதை 2017 டிசம்பரில் கண்டோம். பொதியொன்றில் வண்டு காணப்பட்டதெனக் கூறி இரஷியா இலங்கைத் தேயிலைக்குத் தடை விதித்தது. இலங்கை அஸ்பெஸ்டோஸ் இறக்குமதித் தடையைத் தளர்த்தியதையடுத்து, சில நாட்களிலேயே அத்தடை நீங்கியது. 2021 டிசம்பரில் ஈரானுக்குச் செலுத்தவேண்டிய 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையால் தீர்க்க உடன்பாடு காணப்பட்டது. அரசின் கடனைக் கொழுந்தே தீர்க்கிறது.

இரண்டாவது, அமைப்பு ஒப்புமை. சோவியத் தொழிற்சாலையும் தன் தொழிலாளருக்கு வீடு, சிறார் பராமரிப்பு நிலையம், மருத்துவ நிலையம் ஆகியவற்றை வழங்கியது. தனியார்மயமாக்கலின்போது புதிய உடைமையாளர் இவற்றை வேண்டாச் சுமையாகக் கருதினர். எனவே இவை பெரும்பாலும் நகரசபைகளிடம் கையளிக்கப்பட்டன. நிதியற்ற நகரசபைகளால் அவற்றைச் செவ்வனே நடத்தவியலவில்லை, மக்கள் துன்புற்றனர். எனினும் பொறுப்பேற்பதற்குச் சட்டப்படி ஒரு பொது அமைப்பு அங்கிருந்தது. முன்பு குடிமகன் பெற்றிருந்த உரிமையொன்று பலவீனமடைந்தது என அதனைக் கூறலாம்.

மடுல்கெல்லவில் நிகழ்ந்தது இதனினும் கடுமையானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகச் சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இயலாதிருந்தது. தோட்டத்துத் தமிழர் சபைக்கு வாக்களித்தனர், உறுப்பினராகவும் தெரிவாயினர். ஆனால் அச்சபை தோட்டத்தின் பாதைக்கும் நீருக்கும் செலவிடவியலாது. கம்பனிக்கு அது செலவு; சபைக்கு அது எல்லைக்கு அப்பாற்பட்டது. 2018இல் இப்பிரிவு திருத்தப்படும்வரை, அதாவது தனியார்மயத்தின் பின் 26 ஆண்டுகள், இந்நிலை நீடித்தது. தோட்டம் கைமாறியபோது நிலத்துக்கும் ஆலைக்கும் வாரிசுகள் இருந்தனர், லயத்துக்கு இல்லை. நிலைமாற்றம் என்பது ஈண்டு ஒரு கரையை விட்டுப் புறப்பட்டு மறுகரை சேராமையே.

5

1995 சனவரி 1இல் உலக வர்த்தக நிறுவனம் தோன்றியபோது இலங்கை அதன் ஆரம்ப உறுப்பினராயிற்று. சேவை வர்த்தகம் பற்றிய பொது உடன்படிக்கையின் கீழ் இலங்கை திறந்துவிட இணங்கிய துறைகள் உல்லாசப் பிரயாணம், தொலைத்தொடர்பு, நிதி ஆகியன. 2018இல் நடைமுறைக்கு வந்த சிங்கப்பூர் உடன்படிக்கையும், 2016 முதல் விவாதிக்கப்படும் இந்திய உடன்பாட்டு முன்மொழிவும் சேவைகளை மேலும் உள்ளடக்கின. இவற்றுக்கு வைத்தியர், பொறியியலாளர் முதலானோரின் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அவ்வெதிர்ப்பில் நியாயமுண்டு, பொதுச் சேவைகளைச் சந்தைக்கு விடுவதன் தீங்கு கற்பனையன்று. ஆனால் அவ்விவாதம் முழுவதும் ஏற்கனவே சேவை பெற்றோரின் விவாதமாகவே நடந்தது. பொதுச் சேவையின் வாயிலுக்கு வெளியே ஒன்றரை நூற்றாண்டு நின்றோரைப் பற்றிய பேச்சு அதில் எழவில்லை.

உடன்படிக்கை குறிக்கும் 'சேவைத்துறை' மடுல்கெல்லவுக்கும் வந்து சேர்ந்துள்ளது. நக்கிள்ஸ் காட்டை உள்ளடக்கிய மத்திய மலைநாடு 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. இன்று மடுல்கெல்லத் தேயிலைச் சரிவில் வெளிநாட்டுப் பிரயாணிகள் தங்கும் கூடார விடுதி உண்டு. உல்லாசப் பிரயாணத்தை வெறுத்தொதுக்க வேண்டுவதில்லை. சில இளைஞருக்கு அது கொழுந்துக் கூடையைத் தவிர்ந்த வேலையைத் தருகிறது. எனினும் ஒரே மலைமுகட்டில் வாழ்விடம் என்பது ஒருவருக்கு விலைக்குரிய காட்சி, மற்றொருவருக்கு உறுதியற்ற இருப்பு என்னும் முரண்பாடு நம் காலத்துப் பொருளாதாரத்தின் சாரத்தைக் காட்டி நிற்கின்றது.

2021இல் நாட்கூலி 1,000 ரூபா எனச் சம்பளச் சபை மூலம் நிருணயிக்கப்பட்டதைத் தொடர்ந்து கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தினின்று விலகி நின்றமை இவ்வரலாற்றின் அண்மைய அத்தியாயம். கூலி சிறிது உயர்ந்தது. நலன்புரி விடயங்களைப் பேசுவதற்கிருந்த ஒரேயொரு மேசையும் அகற்றப்பட்டது. செலவேட்டில் பதியப்பட்ட சேவையை எந்நேரமும் செலவேட்டிலிருந்து அழித்துவிடலாம் என்பதை இது மீண்டும் உணர்த்துகின்றது.

தொகுத்து நோக்கின், 1835இன் தீர்வை, 1933இன் கட்டுப்பாடு, 1964இன் மக்கட் பங்கீடு, 1995இன் சேவைத் திறப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் மடுல்கெல்லவின் உழைப்பு பொருளாக இருந்தது. ஒன்றிலேனும் அது தரப்பாக இருக்கவில்லை. ஆகவே தனியாரா அரசா என்ற வினா மட்டும் போதாது. அரசுடைமையும் இம்மக்களைக் கைவிட்டதுண்டு. வீடும் அதன் காணியும் தொழிலினின்று பிரிக்கப்பட்டு வாழ்வோரின் பெயரில் உறுதியெழுதப்படுதல், 2018இன் திருத்தத்துக்கு நிதி ஒதுக்கீட்டின் மூலம் உயிரூட்டுதல், தேயிலையைத் தொடும் எவ்வுடன்படிக்கையிலும் உழைப்போரின் அமைப்புகள் ஒரு தரப்பாக அமர்தல் ஆகிய மூன்றுமே அடிப்படைக் கோரிக்கைகளாகும். இவை நிறைவேறும்வரை சேவைத்துறைச் சீர்திருத்தம் என்னும் தொடருக்கு லயத்தின் அகராதியில் பொருளில்லை.