இரண்டு புள்ளிக்கு நடுவில

நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் 1990களில் பிறந்த ‘ஆர்’ நிரலாக்க மொழி இலவசம். டிக்கோயாவில் இருந்துகொண்டே பழைய லப்டொப்பில் படிக்கலாம். குடிசன மதிப்பீட்டின் ‘இந்தியத் தமிழர்’ தொகையைப் போட்டுப் பாருங்க: 1971இல் 1,174,606; 1981இல் 818,656. இரண்டு வரி நிரலில் கோடு சர்ரென்று இறங்கும்.

ஆனா அந்த நேர்கோடு ஒரு பொய். ஆர் இரண்டு புள்ளியைச் சும்மா இணைக்குது, அவ்வளவுதான். நடுவில் இருப்பது, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிய சனம், 1974ஐ ஒட்டிய தோட்டப் பஞ்சம், 1977 வன்முறை. சிலர் எங்கேயும் போகல, ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிஞ்சாங்க. (இதை எந்த நிரலும் தானாகச் சொல்லாது.)

நான் கோட்டை எடுத்துட்டு, புள்ளிகளை மட்டும் விட்டேன். 1991இல் கணக்கெடுப்பே நடக்கல. அடுத்த புள்ளி 2001இல்தான்.