வண்டியின் முதுகைக் காத்த வரலாறு

பழந்தமிழ் வீரன் மார்பிற் பட்ட புண்ணைப் பெருமையாகவும், முதுகிற் பட்ட புண்ணை இழிவாகவும் கருதினான். பகைவன் முன்னின்றே வருவான் என்பது அவனது துணிபு. மேட்டிலும் பள்ளத்திலும் செல்லும்பொருட்டு ஆக்கப்பெற்ற மோட்டார் வண்டிகளின் வரலாற்றை நோக்கின், அவற்றை ஆக்கியோரும் தொடக்கத்தில் இத்தகைய எண்ணமே கொண்டிருந்தனரோ என்று கருதத் தோன்றும். முகப்பைக் காக்கும் தாங்கி முதல் நாளிலேயே அமைந்தது. முதுகைக் காக்கும் கவசமோ பட்டறிவு கற்பித்த பாடமாகப் பின்னரே வந்து சேர்ந்தது. அப்பாடம் எவ்வாறு கற்கப்பெற்றது என்பதும், அதற்குக் கொடுத்த விலை யாது என்பதும் அறியத்தக்கன.

1940ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க இராணுவம், நான்கு சில்லுகளும் உந்துவிசை பெறும் சிறு வண்டியொன்றை ஆக்கித் தருமாறு 135 உற்பத்தியாளருக்கு அழைப்பு விடுத்தது. முதல் வண்டியை 49 நாள்களுள் ஒப்படைத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. அமெரிக்கன் பாண்டம் என்னும் சிறு நிறுவனத்துக்காகக் கார்ல் புரொப்ஸ்ட் என்னும் பொறியியலறிஞர் வரைந்த வண்டி, அவ்வாண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்து ஹொலபேர்ட் முகாமை வந்தடைந்தது. உலகறிந்த ஜீப் வண்டியின் மூதாதை அதுவே. இராணுவம் முதலிற் கேட்ட நிறை 1300 இறாத்தல் மட்டுமே. அவ்வெல்லையைப் பேண இயலாமற் பின்னர் அதனை உயர்த்த நேர்ந்தது. எனினும், வீண்பாரம் ஏற்றலாகாது என்னும் நோக்கம் வண்டியின் உருவெங்கும் தெரிந்தது. முன்புறத்தில் அகலம் முழுவதும் பம்பர் நீண்டிருந்தது. பின்புறத்திலோ இழுவைக் கொளுக்கியின் இருமருங்கும் இரண்டு சிறு தாங்கிகளே நின்றன. மேலதிகச் சில்லும், சிறிது காலத்தின்பின் எரிபொருட் கலனும் அப்பின்சுவரிலேயே தொங்கின.

போர் முடிந்தது. எஞ்சிய ஜீப் வண்டிகள் கமங்களுக்கு வந்தன. இங்கிலாந்தின் றோவர் நிறுவனத்துத் தலைமைப் பொறியியலாளராகிய மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சித் தீவிலிருந்த தமது கமத்தில் அத்தகைய வண்டியொன்றையே பயன்படுத்தி வந்தார். அதற்கு ஈடான ஒன்றை நாமே ஆக்கினால் என்ன என்னும் எண்ணம் 1947ஆம் ஆண்டில் எழுந்தது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஒல்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரிலே நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில் லான்ட்றோவர் என்னும் பெயரோடு அது உலகின் முன் நின்றது. சில்லச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 80 அங்குலம். விலை 450 பவுண்.

அக்காலத்துப் பிரித்தானியாவில் உருக்குக்குக் கடும் பங்கீடு நிலவியது. ஆதலால் வண்டியின் உடல், அலுமினியமும் மக்னீசியமும் கலந்த பேர்மபிரைட் என்னும் கலப்புலோகத் தகட்டால் ஆக்கப்பட்டது. இத்தகடு உருக்கைப்போலத் துருப்பிடிப்பதில்லை, நிறையும் குறைவு. ஆயின், கல்லொன்று இடித்தாலும் மரமொன்று உரசினாலும் எளிதில் நெளிந்துவிடும். இதனை அறிந்த றோவர் பொறியியலாளர், தகடுகளின் விளிம்புகளிலும் மூலைகளிலும் நாகப்பூச்சுப் பெற்ற உருக்குப் பட்டைகளைப் பொருத்தினர். முன்புறத்துக்கு உருக்குப் பம்பர் வழங்கினர். பின்புறத்துக்குத் தனியாகப் பம்பர் வைக்கவில்லை. சட்டகத்தின் கடைசியில் உடலின் அகலத்துக்கு ஓடிய உருக்குக் குறுக்குச் சட்டமே இழுவைக்கும் மோதலுக்கும் ஒருங்கே ஈடுகொடுக்கும் எனக் கருதினர். அச்சட்டம் வலியதே. அதன் மேலும் பக்கத்தும் இருந்த தகட்டு மூலைகளும், அவற்றிற் பதித்த விளக்குகளும் காவலின்றி நின்றன.

பின்புறம் அடிபடுவதற்குரிய காரணம் எளியது. பள்ளத்திலிருந்து வண்டி மேடேறத் தொடங்கும்போது மூக்கு உயர்கிறது, வால் தாழ்கிறது. சரிவிலிருந்து இறங்கிப் பின்சில்லுகள் சமநிலம் தொடும்போதோ, விட்டுவந்த சரிவு வாலின் பின்னே உயர்ந்து நிற்கிறது. இவ்விரு வேளையிலும் பின்சில்லுக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதியே நிலத்தில் மோதும். அப்பகுதி எவ்வளவுக்குக் குறுகியதோ அவ்வளவுக்கு வண்டி தப்பும். 1954ஆம் ஆண்டில் 107 அங்குல நெடுவண்டி வந்தபோது பாரமேற்ற இடம் கிடைத்தது. கூடவே வாலும் நீண்டது. அன்றியும், முன்னே வரும் கல்லைச் சாரதி காண்கிறான். பின்னே நிற்கும் கட்டையை அவன் காண்பதில்லை. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இவ்வண்டியை நேயர்கள் பலர் கண்டிருப்பர். குறுகிய வளைவிலே பின்னோக்கி எடுத்துத் திருப்பும் சாரதிக்கு, மண்மேட்டில் இடிபட்ட மூலையின் ஓசையே முதல் எச்சரிக்கை. மூலை நெளிந்தால் அழகு மட்டுமே கெடும். விளக்குடைந்தால், இருளிற் பின்னே வருபவனின் உயிருக்கும் கேடு.

பரிகாரம் மூன்று வழிகளில் வந்தது. இராணுவத்துக்கென ஆக்கப்பட்ட லான்ட்றோவர்களில், குறுக்குச் சட்டத்தின் இருமுனைகளிலும் தடித்த உருக்குச் சிறுதாங்கிகள் பூட்டப்பட்டன. அவை மோதலைத் தாங்கியதோடு, ஏறுவோருக்குப் படியாகவும் உதவின. பொதுமக்களில் வண்டியுடையோர், புடைப்புக் கோலமிட்ட அலுமினியத் தகடுகளை வெட்டிப் பின்மூலைகளிற் பதித்தனர். இது கீறலைத் தடுக்கும். வன்மையாக மோதினால் உள்தகட்டோடு தானும் நெளியும். மூன்றாவது வழியினர் உருக்குக் குழாயாலோ தடித்த தகட்டாலோ மூலைக்காவல் செய்து, அதனை உடலின் தகட்டிற் பூட்டாது சட்டகத்திலேயே பூட்டினர். இங்குதான் பொறியியலின் உண்மை விளங்குகிறது. கவசம் எதனைப் பற்றி நிற்கிறதோ அதுவே அடியை வாங்கும். மெல்லிய தகட்டைப் பற்றிய வலிய கவசம், மோதலின்போது அத்தகட்டையே கிழித்துவிடும்.

ஆயினும், கவசமே பகையாவதும் உண்டு. அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையில் ஈரமும் உப்பும் புகுமாயின், அலுமினியம் சிறுகச் சிறுக அரிக்கப்பட்டு வெண்பொடியாய் உதிரும். ஆகையால் இரண்டுக்குமிடையே இறப்பர்த் தாளோ தடித்த பூச்சோ இடுதல் வேண்டும். கவசத்தின் பின்னே சேற்றுநீர் தங்கினாலும் கேடே. சில்லுகள் வாரியெறியும் சேறு, உள்ளீடற்ற குறுக்குச் சட்டத்துள் புகுந்து அதனை உள்ளிருந்தே துருவாக்கியது. பின்புறத்தின் காவலனாக நின்ற அச்சட்டமே முதலில் உளுத்துப்போவது பல வண்டிகளிற் காணப்பட்டது. அதனை அறுத்தெறிந்து புதியதை ஒட்டவைப்பது பட்டறைகளில் வழக்கமான தொழிலாயிற்று. முதன்முதல் ஆக்கிய சோதனை வண்டிகளின் சட்டகத்துக்கு நாகப்பூச்சு இட்டிருந்தனர். பொது உற்பத்தியில் அது கைவிடப்பட்டது. பிற்காலத்தில் பழைய வண்டிகளைப் பேணுவோர் நாகப்பூச்சுச் சட்டகத்தை மீண்டும் தேடிப் பெற்றமை, தொடக்கத்தில் இருந்த அறிவு வீணன்று என்பதைக் காட்டும்.

சொலிஹல் தொழிற்சாலையில், அம்மரபில் வந்த கடைசி வண்டி 2016ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் வெளிப்பட்டது. ஏறத்தாழ 68 ஆண்டுக் காலத்தில் இயந்திரம் மாறியது, கண்ணாடி மாறியது, ஆசனம் மாறியது. அலுமினிய உடலும், அதனைத் தாங்கிய உருக்குச் சட்டகமும் இறுதிவரை நிலைத்தன. அவற்றோடு பின்மூலையின் மெலிவும் நிலைத்தது. அதனைக் காக்கும் முயற்சியும் ஓயவில்லை.

புதிதாக மூலைக்காவல் பூட்ட எண்ணுவோர்க்கு இவ்வரலாறு தரும் அறிவுரை சுருக்கமானது. கவசம் சட்டகத்தைப் பற்றி நிற்கட்டும், வாலைத் தாழ்த்தாதிருக்கட்டும், நீர் வடிய வழி விட்டிருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கொரு முறையேனும் அதனைக் கழற்றி உள்ளே நோக்குதல் வேண்டும். கவசம் அணிந்துவிட்டோம் என்று முதுகை மறந்தவனுக்கு, வெளியடியிலும் உட்துருவே பெரும் பகை.