குசினி இலையானும் வெட்டி ஒட்டும் வேலையும்



வானொலிக்குக் கணினி வருமுன்னர், ஒலிப்பதிவு நாடாவைப் பிளேட்டால் வெட்டி, இருமலையும் தடுமாற்றத்தையும் எடுத்தெறிந்து, மிச்சத்தை ஒட்டித்தான் நிகழ்ச்சி செய்தார்கள். எங்கள் உயிரணுக்களிலும் இதே வேலை நடக்கிறது. மரபணுவைப் படியெடுத்த ஆர்.என்.ஏ. நாடாவில் இடையிடையே வேண்டாத பகுதிகள் இருக்கும். அவற்றை வெட்டிவிட்டு மிச்சத்தை ஒட்டிய பிறகே புரதம் உருவாகும். றிச்சர்ட் றொபேர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவரின் குழுக்களும் 1977இல் இதைக் கண்டறிந்தன. 1993இல் இருவருக்கும் நோபல் பரிசு.

எங்கே வெட்டுவது என்று யார் சொல்வது? இதற்கு விடை தந்ததில் பெரும்பங்கு, பாடனில் என் குசினி வாழைப்பழத்தைச் சுற்றுகிறதே, அந்தச் சின்ன இலையானுக்கு உண்டு. இங்கிருந்து ரயிலில் கால்மணி நேரம்தான் சூரிச். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் றொல்ப் நோதிகர், ஹூபேர்ட் அம்றைன், மார்கறெட் கோர்மன் மூவரும் 1988இல் டிரா-2 என்ற மரபணுவை வாசித்தார்கள். அதன் புரதம் ஆர்.என்.ஏ.யைப் பற்றிப்பிடிக்கும் வகையினது போலத் தெரிந்தது. இந்த மரபணு கெட்டால், பெண்ணாக வளரவேண்டிய ஈ ஆணுருவில் வளரும்.

பெண் ஈயில் டிரா என்ற புரதம் டிரா-2 உடன் சேர்ந்து, டபிள்செக்ஸ் மரபணுவின் நாடாவைப் பெண்ணுக்குரிய விதத்தில் ஒட்டவைக்கிறது. ஆணில் டிரா வேலைசெய்வதில்லை. அதே நாடா வேறுவிதமாக ஒட்டப்படும். மரபணு ஒன்று, வெட்டு வேறு.

"இலையானை ஆராய இவ்வளவு காசோ?" என்று ஒரு அக்கா என்னைக் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். டிரா-2இன் உறவுப் புரதம் மனிதரிலும் உண்டு. எஸ்.எம்.ஏ. என்ற நோயில் குழந்தைகளின் தசைகள் நலிந்துபோகும். அதற்குரிய மரபணு கெட்டாலும், அதைப்போல இன்னொன்று உடம்பில் இருக்கிறது. ஆனால் ஓரெழுத்து வேறுபாட்டால், அதன் நாடாவில் இருக்கவேண்டிய ஏழாம் பகுதி பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போகிறது. அதைச் சேர்த்து ஒட்ட மனித டிரா-2 உதவும் என்று 2000இல் காட்டினார்கள். மருந்துகள் ஈயிலிருந்து நேரே வந்தவையல்ல. ஆனால் அதே ஏழாம் பகுதியைத்தான் அவையும் மீட்கின்றன. முதுகில் ஊசியாக ஏற்றும் நுசினெர்சென் 2016இலும், பாசல் நகரத்து றோஷ் நிறுவனத்தின் றிஸ்டிப்லாம் என்ற குடிமருந்து 2020இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இந்நோய் பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வருவது. மச்சான் மச்சாள் கலியாணத்தில் வாய்ப்புக் கூடும். தாயின் கிரகக் குற்றம் என்று சொல்பவர்களை நான் இங்கேயும் கண்டிருக்கிறேன். சுவிஸில் பிறக்கும் பிள்ளைகளின் குதிக்காலில் எடுக்கும் துளி இரத்தத்தில், 2024 முதல் இந்நோயையும் பார்க்கிறார்கள்.