நீலகிரி நூலகமும் சென்னைப் பல்கலைக்கழக நூலகமும்

உதகமண்டலத்திலுள்ள நீலகிரி நூலகமும் சேப்பாக்கத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழக நூலகமும் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தோன்றியவை. முன்னது சந்தா செலுத்தும் உறுப்பினர்களுக்காக அமைந்தது. பின்னது மாணவர்களுக்காகத் தொடங்கி, பொது நூலக இயக்கத்துக்கே நாற்றங்காலாக மாறியது. நூல் யாருக்கு உரியது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு விடை கண்ட வரலாறு, இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

நீலகிரி நூலகம்

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் ஆங்கிலேயர் குடியிருப்புக்கு வித்திட்டார். பின்னாளில் சென்னை மாகாண அரசு கோடை மாதங்களில் இங்கிருந்து இயங்கியது. மலையில் தங்கிய அதிகாரிகள், படையினர், தோட்ட உரிமையாளர்கள் ஆகியோரின் வாசிப்புக்காக 1859-இல் இந்நூலகம் தொடங்கப்பட்டது. இதன் நிலையான கட்டடம் 1860-களின் பிற்பகுதியில் எழுந்தது. உயர்ந்த வளைவுச் சன்னல்களைக் கொண்ட இச்செந்நிறக் கட்டடத்தை வடிவமைத்தவர் இராபர்ட் சிசோம்.

நீலகிரியின் வரலாற்றை ஆராய்வோருக்கு இங்குள்ள பழைய ஆங்கில நூல்கள் பெருஞ்செல்வம். ஆனால் அந்நாளில் சந்தா ஒரு தடை; ஆங்கிலம் மற்றொரு தடை. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கோ படுகர் ஊர்ச் சிறுவனுக்கோ அது எட்டாத இடமாகவே இருந்தது.

பல்கலைக்கழக நூலகம்

சிசோம் வடிவமைத்த மற்றொரு புகழ்பெற்ற கட்டடம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம் (1874–1879). பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டது. எனினும் அதன் நூலகம் 1907-இல்தான், எழும்பூர் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் செயல்படத் தொடங்கியது. ஏறக்குறைய 50 ஆண்டுகள் பல்கலைக்கழகம் தனக்கென நூலகம் இன்றியே பட்டம் வழங்கியது. தேர்வு நடத்துவதே அதன் முதன்மைப் பணியாக இருந்தது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

1924-இல், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த சீர்காழி இரா. அரங்கநாதன் இதன் முதல் நூலகரானார். இலண்டன் சென்று நூலகவியல் பயின்ற அவர், அங்குப் பல பொது நூலகங்களையும் பார்வையிட்டார். எளிய மக்களும் அவற்றைப் பயன்படுத்தியது அவரது எண்ணத்தை மாற்றியது. நூலைப் பூட்டிக் காப்பவர் நூலகர் என்ற நிலை மாறி, வாசகரிடம் நூலைக் கொண்டுசேர்ப்பவரே நூலகர் என்ற கருத்து அவரிடம் உறுதிப்பட்டது. வாசகர்களே நூல் அடுக்குகளுக்குச் சென்று தேடி எடுக்கும் முறையை அவர் வலியுறுத்தினார்.

அவரது நூலகவியலின் ஐந்து விதிகள் 1931-இலும், நூல்களைப் பொருள்வாரியாகப் பகுக்கும் கோலன் பகுப்புமுறை 1933-இலும் வெளிவந்தன. உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் பயிலும் இக்கருத்துகள், சென்னையில் வாசகர்களுக்கு நாள்தோறும் நூல் எடுத்துக்கொடுத்த அனுபவத்தில் விளைந்தவை. 1936-இல் பல்கலைக்கழக நூலகம் கடற்கரையை ஒட்டிய தன் சொந்தக் கட்டடத்துக்கு மாறியது.

பொதுமக்களை நோக்கி

அரங்கநாதன் வளாகத்தோடு நின்றுவிடவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகச் சென்றது. இத்தகைய முயற்சிகளின் பயனாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுவே.

சொத்து வரியுடன் நூலக வரி வசூலித்து, அத்தொகையைக் கொண்டு மாவட்டந்தோறும் நூலகங்களை நடத்துவது இச்சட்டத்தின் அடிப்படை. நீலகிரியிலும் மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் இவ்வழியில்தான் இயங்குகின்றன.

இன்றைய நிலை

நீலகிரி நூலகம் இன்றும் உறுப்பினர் முறையில் இயங்குகிறது. அண்மைக் காலமாக அங்கு இலக்கிய விழாவும் நடைபெறுகிறது. பழமையைக் காக்க அத்தகைய நூலகம் தேவை. ஆனால் தோட்டத்துப் பிள்ளை போட்டித் தேர்வுக்குப் படிப்பது பெரும்பாலும் கிளை நூலகத்தின் மர மேசையில்தான். அந்த மேசைக்கான செலவில் நம் வீட்டு வரியும் ஒரு பங்கு. ஆகவே அது திறந்திருக்கிறதா, புதிய நூல்கள் வருகின்றனவா என்று கேட்பது நம் ஒவ்வொருவரின் உரிமை, கடமையும்கூட.