'சமத்து'க் குழந்தையும் தாயின் தட்டும்

"பிள்ளை ரொம்பச் சமத்து, அழவே மாட்டேங்குது" என்று அந்தப் பாட்டி பெருமையாகச் சொன்னார். பத்து மாதக் குழந்தை, கொழுகொழுவென்று இருந்தது. களப்பணிக்குப் போன நாங்களும் சிரித்தபடி குறிப்பேட்டை மூடிவிட்டோம். போன மாதம் உட்கார்ந்த பிள்ளை இப்போது உட்காருவதில்லை, சிரிப்பதும் இல்லை என்று வாசல்வரை வந்த தாய் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. சமூகவியல் படித்த எங்களுக்கு, சமத்தும் நோயின் அடையாளமாக இருக்கலாம் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. பி12 குறைபாடு என்றார் மருத்துவர். ஊசி போட்ட சில நாட்களில் பிள்ளை முகம் பார்க்கத் தொடங்கியது.

இந்த நோயின் வரலாற்றைத் தேடிப்போனால் அது வேலூரில் கொண்டுபோய் விடுகிறது. 1962இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகிய மருத்துவர்கள் ஆறு குழந்தைகளைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார்கள். எல்லாம் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகள். இரத்தசோகை, கை மூட்டுகளில் கறுப்பு, தன்னறியாத அசைவுகள், கற்றுக்கொண்டதை ஒவ்வொன்றாக இழப்பது. தாய்மார்களின் உடலிலேயே பி12 இல்லை. அதனால் பாலிலும் இல்லை. அந்த வைட்டமினைப் பிரித்தெடுத்தே அப்போது 14 வருடம்தான் ஆகியிருந்தது.

மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அது உருவாக பி12 வேண்டும். மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு வருடத்தில் அது கிடைக்காவிட்டால் குழந்தை பின்னோக்கிப் போகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தாமதமானால் சில பிள்ளைகளுக்குப் பேச்சிலும் படிப்பிலும் குறை தங்கிவிடுகிறது. பிறகு பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் வைப்பார்கள்.

பி12 இயற்கையாகக் கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் கிடையாது. கறி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் உண்டு. இங்கேதான் 'சைவம்' என்ற ஒற்றைச் சொல் நம்மை ஏமாற்றுகிறது. பாலும் தயிரும் தினமும் புழங்கும் வீட்டுச் சைவம் வேறு. கூலி வேலைக்குப் போகும் பெண், கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு மிஞ்சிய ரசச்சோற்றைத் தின்பதும் கணக்கில் 'சைவம்'தான். ஆனால் அதை யாரும் விரதம் என்று கொண்டாடுவதில்லை.

ஈரலும் மாட்டுக்கறியும் கருவாடும் பி12 நிறைந்தவை. நம் பாட்டிமார் இவற்றைச் சமைத்ததற்காகத்தான் ஊர் மூக்கைப் பொத்தியது. அந்த ஏளனத்துக்குப் பயந்து, வாடகை வீடு கிடைக்காது என்று பயந்து, அவற்றை விட்டுவிட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. விட்ட இடத்தில் பால் வந்து சேரவில்லை. (கறி தின்றால் மட்டும் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவரவில்லை, அந்தப் பேச்சும் நமக்கு அலுத்துவிட்டது.)

அரசின் தட்டிலும் இதே சண்டைதான். தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010இல் வாரத்துக்கு ஐந்தானது. மத்தியப் பிரதேசத்திலோ, பழங்குடிகள் அதிகம் வாழும் மாவட்டங்களின் அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்கலாம் என்று வந்த யோசனையை 2015இல் முதலமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் நிராகரித்தார். ஒரு முட்டையில் சுமார் அரை மைக்ரோகிராம் பி12 இருக்கிறது. சின்னக் குழந்தையின் ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய பாதி அது. முட்டை தின்று வளர்ந்த அந்தப் பழங்குடிப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

எங்கள் களக் குறிப்பேட்டில் குழந்தையின் எடைக்கும் உயரத்துக்கும் மட்டும்தான் கட்டம் இருந்தது. இப்போது இன்னும் இரண்டு போட்டிருக்கிறோம்: போன மாதம் செய்ததைக் குழந்தை இப்போதும் செய்கிறதா? தாய் நேற்று என்ன சாப்பிட்டார்? இரண்டாவது கேள்விக்குப் பல பெண்கள் முதலில் சிரித்துவிடுகிறார்கள். அவர்களிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.