கபனும் கப்ரும்: ஓட்டமாவடி மையவாடி உருவான கதை

இலங்கை முஸ்லிம்களிடையே, மௌத்தான ஒருவரைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியால் கபனிட்டு, ஜனாஸா தொழுது, தாமதமின்றி நல்லடக்கம் செய்வது பர்ளு கிபாயா. ஊரில் சிலர் செய்தால் எல்லோருடைய கடமையும் நீங்கும்; ஒருவரும் செய்யாவிட்டால் பாவம் ஊர் முழுவதையும் சேரும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்ததும் முன்பின் அறியாதவர்கூட வந்து சந்தூக்கு எனும் பாடைக்குத் தோள் கொடுப்பார், கப்ர் எனும் புதைகுழியில் மூன்று பிடி மண் போடுவார். ஒப்பாரி வைப்பதை மார்க்கம் விலக்குகிறது. துக்கம் இந்த வேலைகளின் வழியேதான் ஆறுகிறது.

இதற்கு மாறாக, 2020 மார்ச் இறுதியில், நாட்டில் கொரோனாவால் இறந்த முதல் முஸ்லிமின் உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொரோனாவால் இறந்தோருக்குத் தகனத்தைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்றது அரசு. அடக்கம், தகனம் இரண்டுக்கும் உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே இடமளித்திருந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களும் இந்த ஆணையால் துயருற்றன. டிசம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் ஆணைக்கு எதிரான மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

சில குடும்பங்கள் தகனத்துக்குக் கையொப்பமிட மறுத்தன. உடல்கள் ஆஸ்பத்திரிப் பிரேத அறைகளில் கிடந்தன. அதே டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தை, பெற்றோர் சம்மதிக்காத நிலையிலும் கொழும்பில் எரிக்கப்பட்டது. அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது. பொரளை கனத்தை மயானத்தின் வாயில் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அவை ஓரிரவில் அகற்றப்பட்டன. பிறகு வேறு ஊர்களிலும் வெள்ளைத் துணிகள் தோன்றின, பிற மதத்தவரும் கட்டினார்கள். குழந்தைக்குப் போர்த்தக் கிடைக்காத கபன்தான் அது. உடல் இல்லாத இடத்தில் காயிப் ஜனாஸா தொழ ஷாபி மத்ஹபில் வழியுண்டு. ஆனால் பின்னர் ஸியாரத்துக்கு, அதாவது கப்ரைத் தரிசிக்க, ஒரு கப்ர் வேண்டுமே!

2021 பெப்ரவரி 25 அன்று அடக்கத்துக்கு அனுமதி வந்தது. முதலில் அடக்க இடமாக இரணைதீவு என்ற தீவு குறிக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5 முதல் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. கொரோனாவால் எந்த ஊரில் இறந்தாலும், அடக்கப்பட வேண்டிய ஜனாஸா அங்கேதான் போக வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இராணுவத்தின் மேற்பார்வையில், உறவினர் ஓரிருவர் மட்டும் நிற்க, உடல் மண்ணுக்குள் இறங்கியது. ஓராண்டில் 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள், அவர்களோடு இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும். 2022 மார்ச் 5 முதல் சொந்த ஊர் மையவாடிகளிலேயே அடக்கலாம் என்றானது.

2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. அடக்கமா தகனமா என்பதை அவரவர் தெரிவுக்கு விடும் சட்டம் இயற்றவும் அப்போது இசைந்தது.